தைகாவா, வாடைக்காடா?

அன்புள்ள நண்பர்களுக்கு,
பள்ளிப் பிள்ளைகளுக்கான புவியியல் நூலொன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மழைக்காடு, இலையுதிர்காடு எல்லாம் சிக்கலின்றி வந்துவிட்டன. அலாஸ்கா, கனடா, ஸ்காண்டிநேவியா, சைபீரியா என்று பூமியின் தலையைச் சுற்றித் தலைப்பாகை போலக் கிடக்கும் ‘போரியல்’ காட்டில் மாட்டிக்கொண்டேன். ஊசியிலைக்காடு என்றால் இமயமலையின் தேவதாருக் காடும் உள்ளே வந்துவிடுகிறது. ‘பசுமைமாறா’ என்று முன்னால் ஒட்டலாமென்றால், கிழக்குச் சைபீரியாவில் பெரும்பாலும் லார்ச் மரங்கள். ஊசியிலைதான், ஆனால் குளிருக்கு முன்னால் மஞ்சளாகி அத்தனையும் கொட்டிவிடும். உதவுங்கள்.
– ம.

தம்பி,
‘போரியல்’ என்ற பெயருக்கு மூலமான போரியாஸ் கிரேக்கரின் வடகாற்றுத் தெய்வம். வடகாற்றுக்கு நம்மிடம் வாடை இருக்கிறதே! நெடுநல்வாடையில் பறவை மரத்திலிருந்து விழுகிறது, பசு கன்றை உதறித் தள்ளுகிறது. அப்படிப்பட்ட குளிர். ‘வாடைக்காடு’ என்று போடுங்கள். இதைவிட நேரான சொல் கிடைக்காது.
– செ., காரைக்குடி

செ. ஐயா,
சொல் அழகுதான். ஆனால் கரும்பலகையில் வாடைக்காடு என்று எழுதினால் கடைசி பெஞ்சு மூக்கைப் பொத்திக்கொள்ளும். இன்றைக்கு வாடை என்றால் கருவாட்டு வாடை. இன்னொன்று: சைபீரியாவின் வெர்கோயான்ஸ்கில் 1892-இல் மைனஸ் 67.8 டிகிரி பதிவானது. அதே ஊரில் 2020 ஜூனில் 38 டிகிரி, எங்கள் ஈரோடு மாதிரி. அன்றைக்கு எந்த வாடை வீசியது? பேசாமல் இந்தக் காட்டுக்கு ரஷ்யர் வைத்த பெயரான டைகா என்றே வைப்போம்.
– ஓர் ஆசிரியை

டகரம் மொழிமுதலில் வராதே! எங்கள் பக்கம் ‘ரைகா’ என்று எழுதுவார்கள், அது இன்னும் மோசம். ரஷ்யர் வாயில் முதலெழுத்து பல்லில் நாக்குப் படும் தகரம்தான். ‘தைகா’ என்றால் ரஷ்யனுக்கும் சரி, நன்னூலாருக்கும் சரி.
– யாழ்ப்பாணத்திலிருந்து

அடடா, கவனித்தீர்களா? கா என்றால் சோலை. தை பனி மாதம். தை + கா! சொல் எங்கிருந்து போயிருக்கும் என்று யோசியுங்கள்.
– செ.

ஐயா, வேண்டாம். தைப்பூசம், தைப்பொங்கல் போல வல்லினம் மிகுந்து ‘தைக்கா’ ஆகும். அந்தப் பெயரில் முஸ்லிம்களின் வழிபாட்டிடம் கீழக்கரையில் ஏற்கெனவே இருக்கிறது, போய்ப் பாத்தியா ஓதிவிட்டு வரலாம். இந்த வழியில் போனால் ஸ்டெப்பி புல்வெளியைத் தெப்பக்குளம் ஆக்கிவிடுவீர்கள்.
– ஓர் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. தைகா என்றே போடுகிறேன், முதன்முறை வரும் இடத்தில் ‘வடபுல ஊசியிலைக்காடு’ என்ற விளக்கத்தோடு. வாடையும் போரியாசும் ஒரு பெட்டிச் செய்தியில் வரும்.
– ம.

பெட்டியில் அடைத்தாயிற்று, சரி. ஆனால் தம்பி, வடபுலம் என்றால் நம்மவன் காசியில் போய் லார்ச் மரம் தேடுவான். வியாழன் இரவு வரை நேரம் இருக்கிறதல்லவா?
– செ.