திரையில் மயில்நீலம், தாளில் ஊதா: வழி சொல்லுங்கள்

வணக்கம். மதுரையில் இளங்கலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வரைகலையை இரண்டு ஆண்டுகளாக, கிருதா (Krita) என்ற ஓவிய மென்பொருளில் நானாகவே கற்று வருகிறேன். கல்லூரி விழாவுக்காக வரைந்த மயில் சுவரொட்டியின் கழுத்து நீலம், திரையில் மின்னினாலும், சென்ற வாரம் எடுத்த மாதிரி அச்சில் வாடிய கத்தரிப்பூ நிறமாக வந்துவிட்டது. மூன்று வாரம் இறகு இறகாக வரைந்த படம் என்பதால் மனம் ஆறவில்லை.

ஏ3 அளவு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), 3508 × 4961 பிக்சல். திரைக்கான சிவப்பு-பச்சை-நீல முறையான ஆர்ஜிபியில் வரைந்து, பிஎன்ஜி படக்கோப்பாகக் கொடுத்தேன். சயான் (பசுநீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் அச்சிடும் முறையான சிஎம்ஒய்கே, பிஎன்ஜியில் கிடையாது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அதன்பின் சிஎம்ஒய்கேவுக்கு மாற்றி, டிஃப் கோப்பாகச் சேமித்து, சயான் 100, மெஜந்தா 90 என்றிருந்த நீலத்தில் மெஜந்தாவை 60 ஆகக் குறைத்தேன். இரண்டாம் மாதிரியில் ஊதாச் சாயல் போய்விட்டது. ஆனால் கழுத்தின் பளபளப்பும் கூடவே போய்விட்டது. திரையின் வெளிச்சத்தைக் குறைத்து ஒப்பிட்டும், அச்சு முன்னோட்டத்தை இயக்கியும் பார்த்தாயிற்று. அந்த நான்கு மைகளுக்கு மேல் தனி மை சேர்க்கப் பணம் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் கோப்பைக் கொடுத்தாக வேண்டும்.

நான்கு மை அச்சிலேயே அந்த நீலம் எடுப்பாகத் தெரிய, நீலத்தின் மை விகிதத்தை இன்னும் மாற்ற வேண்டுமா, அல்லது அதைச் சுற்றியுள்ள நிறங்களை மங்கலாக்க வேண்டுமா?