மறு: கலைச்சொல் வேண்டும்: பழைய கேமராவின் தேய்வு, மூட்டம், வந்தவழி

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய கேமராவின் கறுப்புப் பூச்சு தேய்ந்து பித்தளை தெரிவதை ஆங்கிலத்தில் 'பிராஸிங்' என்கிறார்கள். அதற்கு ஐயா முன்வைத்த 'பித்தளைமை'யையும் இன்னொரு நண்பர் சொன்ன 'நிறமிழப்பு' என்பதையும் படித்தேன். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. தாத்தாவிடமிருந்து வந்த கேமரா என்ன வகை, என்ன பெறும் என்று அம்மையார் கேட்டிருந்த கேள்விக்கும் இந்தச் சொற்களுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

> மேல்தகட்டில் கறுப்புப் பூச்சு போய்ப் பித்தளை தெரிகிறது. பழுது என்று எழுதுவதா?

பழுது என்று எழுதவே கூடாது, அம்மா. கறுப்புப் பூச்சுள்ள பழைய கேமராவை ஜன்னலோரம் வைத்து ஒருமுறை சுற்றிப் பாருங்கள். படச்சுருளை நகர்த்தும் நெம்புகோலின் நுனி, தோள்வார் கோக்கும் வளையத்தின் அடிப்பக்கம், அடித்தகட்டின் நான்கு மூலைகள், வலக்கையின் ஆள்காட்டி விரல் படியும் விளிம்பு ஆகிய இடங்களில்தான் பித்தளை முதலில் தெரியும். பூச்சுக்கும் உலோகத்துக்கும் இடையில் வெட்டினாற்போல் ஓர் எல்லை இருக்காது. கறுப்பு மெல்ல மெல்லப் பழுப்பாகி, அதற்கப்பால் மஞ்சளாகும். மெருகும் வழவழப்பாக இருக்கும். கை பட்டுப் பட்டு வந்த தேய்வு இது.

பழமையாகக் காட்ட உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவையும் சந்தையில் உண்டு. கை படவே வாய்ப்பில்லாத இடத்திலும் அவற்றில் பித்தளை பளிச்சிடும். கைவில்லையால் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள் தெரியும். 'பித்தளைமை' என்ற சொல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டவில்லை. மேலும், எல்லாக் கேமராவுக்கும் மேல்தகடு பித்தளை இல்லை. 1976இல் வந்த கேனன் ஏஇ-1 கேமராவின் மேல்மூடி, உலோகம்போல் பூச்சிட்ட பிளாஸ்டிக். அங்கே தேய்வு உண்டு, பித்தளை கிடையாது. 'நிறமிழப்பு' என்றாலோ வெயிலில் வெளுத்த தோலுக்கும் அதே பெயராகிவிடும்.

என் பரிந்துரை 'கைத்தேய்வு'. காரணத்தைச் சொல்லும் சொல் என்பதால் எங்கே தேடவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. தாளால் தேய்த்ததைப் 'போலித்தேய்வு' என்று எழுதலாம். மேலே புதிதாக வண்ணம் அடித்திருந்தால் அது 'மறுபூச்சு'. சேகரிப்பவர்கள் கைத்தேய்வைப் பெரிய குறையாகக் கொள்வதில்லை. சிலர் விரும்பியே தேடி வாங்குகிறார்கள். மறுபூச்சு என்று தெரிந்தால் அதே ஆட்கள் பின்வாங்கிவிடுவார்கள். ஆகவே தயவுசெய்து எதையும் அடித்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். மென்தூரிகையால் தூசு தட்டினால் போதும்.

தோலுறைக்கடியில் ஆங்காங்கே சிறு கட்டிகள் தட்டுப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். தோலுக்கடியில் உள்ள ஆணித்தலைகளில் களிம்பேறி மேலே தள்ளுவதால் வருவது அது. பழைய ஜெய்ஸ் கேமராக்களில் மிகுதி என்பதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயரையே சேர்த்துச் சொல்கிறார்கள். நமக்குக் 'களிம்பு' என்ற அருமையான சொல் இருக்கும்போது 'களிம்புப்புடைப்பு' என்றே எழுதலாம்.

> வில்லை மங்கலாக இருக்கிறது. பூஞ்சை என்று எழுதிவிட்டால் போதுமே?

ஐயா, இதைத்தான் நான் வலுவாக மறுக்கிறேன். விலையைப் பாதியாக்குவதும் அப்படியே காப்பதும் இந்த இடத்தில்தான். வில்லையின் (லென்ஸின்) துளையை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து சிறு டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மூன்று வேறு வேறு கேடுகள் மூன்று விதமாகத் தெரியும்.

விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கிளைத்து வரும் நூலிழைகள் தெரிந்தால், அது பூஞ்சை. ஈரமும் இருட்டும் காற்றோட்டமின்மையும் சேரும் இடத்தில் வளர்வது. தொடக்கத்தில் துடைத்தால் போய்விடும். நாள்பட்டால் அது சுரக்கும் அமிலம் மேற்பூச்சையும் கண்ணாடியையும் அரித்து, துடைத்த பிறகும் இழைகளின் தடம் நிற்கும். பூஞ்சையும் 'பூஞ்சைத்தடமும்' ஒன்றல்ல. விற்பவர் 'பூஞ்சை நீக்கப்பட்டது' என்று எழுதினால், தடம் இருக்கிறதா என்று கேட்கும் உரிமையை வாங்குபவருக்குத் தருவது இந்த வேறுபாடுதான்.

இழை எதுவுமின்றி உள்பரப்பு முழுவதும் சாம்பல் நிறத்தில் ஒரே சீராக வெளிறியிருந்தால், அதை ஆங்கிலத்தில் 'ஹேஸ்' என்கிறார்கள். பெரும்பாலும் உள்ளே இட்ட உயவெண்ணெய் ஆவியாகிக் கண்ணாடியில் படிவதால் வருவது. வெறும் கண்ணுக்குத் தெரியாமலே இருந்து, படத்தில் மட்டும் கருமையைக் குறைத்துவிடும். இதற்கு 'மூட்டம்' என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. வானத்துக்கும் கண்ணுக்கும் நாம் ஏற்கெனவே புழங்கும் சொல். 'வில்லைமூட்டம்' என்றால் கேட்ட மாத்திரத்தில் விளங்கும். மூட்டத்தைப் பெரும்பாலும் பிரித்துத் துடைத்துவிடலாம். ஆதலால் மூட்டமுள்ள வில்லையைப் பூஞ்சைக் கணக்கில் சேர்ப்பது அதன் உரிமையாளருக்குச் செய்யும் அநியாயம்.

மூன்றாவது, ஓரத்தில் எண்ணெய்த்துளிபோல் வானவில் வண்ணங்கள் காட்டுவது அல்லது வெள்ளிப்பிறைபோல் மின்னுவது. பழைய வில்லைகளில் இரண்டு கண்ணாடிகளை ஒட்டுவதற்குக் கனடா பால்சம் என்னும் மரப்பிசினைப் பயன்படுத்தினார்கள். அந்த ஒட்டு விடுபடுவதுதான் இது. 'பிரிவு' என்று மொழிபெயர்த்தால் ஒன்றும் விளங்காது. 'பிசின்விலகல்' என்று சொல்லுங்கள். சரிசெய்வது கடினமான வேலை. ஒட்டைப் பிரித்து, மையம் பிசகாமல் மறுபடி ஒட்டவேண்டும்.

சூப்பர் டகுமார் 50 மி.மீ. 1.4 போன்ற சில வில்லைகளில் கண்ணாடி முழுவதும் தேநீர் நிறத்தில் மஞ்சளாகியிருக்கும். தோரியம் கலந்த கண்ணாடி காலப்போக்கில் இப்படி ஆகும். புறஊதா ஒளியில் சில நாள் அல்லது வாரம் வைத்தால் பெரிதும் தெளிந்துவிடும். இதற்கு 'மஞ்சளேற்றம்' போதும்.

முன்கண்ணாடியில் வட்டவட்டமாகத் தெரியும் நுண்கீறல்களைத் 'துடைப்புக்கீறல்' என்று எழுதலாம். சட்டைத்தலைப்பால் துடைத்ததன் வரலாறு அது, வேறொன்றுமில்லை.

> வரிசை எண்ணைப் பார்த்தால் ஆண்டு தெரியுமாமே?

சில வேளை தெரியும். ஆனால் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒவ்வொரு வழக்கம். அமெரிக்காவில் செய்த பல கோடாக் வில்லைகளில் எண்ணுக்கு முன்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். 'கேமரோசிட்டி' என்ற பத்தெழுத்துச் சொல்லே அதன் திறவுகோல்: சி 1, ஏ 2, எம் 3, ஈ 4, ஆர் 5, ஓ 6, எஸ் 7, ஐ 8, டி 9, ஒய் 0. 'ஆர்எம்' என்றிருந்தால் 53, அதாவது 1953. 'ஈஓ' என்றால் 1946. ஹாசல்பிளாடு கேமராக்களுக்கும் இதே உத்திதான், சொல் மட்டும் வேறு. 'விஎச் பிக்சர்ஸ்' என்பதில் வி 1 தொடங்கி எஸ் 0 வரை. 'டிடி' என்றால் 1966.

இதற்கு 'மறைகுறி' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். எவரிடமிருந்தும் எதையும் மறைப்பதற்கில்லாத குறி என்பதால் 'ஆண்டுக்குறி' என்கிறேன். எழுத்தால் வந்தால் 'ஆண்டெழுத்து'. அ என்றால் எட்டு, வ என்றால் கால் என்று எழுத்திலேயே எண்ணைக் கண்ட மொழிக்கு இந்தச் சொல் அந்நியமாகப் படாது. சோவியத் வில்லைகள் பலவற்றில் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களே ஆண்டு; அங்கே 'ஆண்டிலக்கம்'.

கவனம்: 1959இல் வந்த நிக்கான் எஃப் கேமராவின் எண் 67 என்றோ 68 என்றோ தொடங்கினால், அதை 1967, 1968 என்று படித்துவிடுபவர்கள் ஏராளம். அங்கே எண் வெறும் எண். 'பேடண்ட்' என்ற சொல்லோடு பொறித்திருக்கும் ஆண்டுகளும் உரிமம் பெற்ற ஆண்டுகளே. கேமரா அதற்குப் பல ஆண்டுகள் கழித்துச் செய்ததாக இருக்கலாம்.

எண் கைகொடுக்காதபோது வேறு தடயங்கள் உதவும். ஷட்டர் வேகங்கள் 1, 2, 5, 10, 25, 50, 100 என்று ஏறினால் பழைய வரிசை. 1, 2, 4, 8, 15, 30, 60, 125 என்றால் பொதுவாக 1950களிலும் அதற்குப் பின்னும் பரவிய வரிசை. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால், போருக்குப் பின் 1952 வரையிலான சில ஆண்டுகளுக்குள் அடங்கும். 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1949க்கு முன்பு போகமுடியாது. ஏற்கும் படச்சுருளும் ஒரு சாட்சி: 120 வகை 1901இல் வந்து இன்றும் கிடைக்கிறது, 620 வகை 1931இல் வந்து 1995இல் நின்றது. இரண்டிலும் படச்சுருள் ஒன்றே, 620இல் அதைச் சுற்றியிருக்கும் தண்டுதான் மெலிது. இன்று சுருள் கிடைக்காத வகை என்றால், எத்தனை அழகான கேமராவானாலும் படம் எடுக்க விரும்புபவர் தயங்குவார். காட்சிக்கு வைப்பவர் மட்டுமே மிஞ்சுவார்.

லைக்கா என்று பொறித்திருப்பதைக் கண்டு பரவசப்படுமுன் ஒரு சோதனை. சோவியத் ஃபெட், ஸோர்க்கி கேமராக்களில் லைக்கா பெயரையும் கழுகு முத்திரையையும் பொறித்து விற்றவை உலகெங்கும் உலவுகின்றன. வில்லையைத் திருகிக் கழற்றி உள்ளே மேற்புறம் பாருங்கள். தூரத்தை அறியும் கை, சிறு உருளையில் முடிந்தால் லைக்காவாக இருக்க வாய்ப்புண்டு. ஆப்பு வடிவ உலோகத்துண்டில் முடிந்தால் அது பெரும்பாலும் வேடமிட்டது. இந்த சோவியத் கேமராக்களில் ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தை மாற்றவேண்டும். முன்பே மாற்றினால் உள்ளே முறியக்கூடும்.

> ப்ராவனன்ஸ் = பூர்விகம்?

பூர்விகம் நல்ல சொல், ஆனால் தொடக்கத்தை மட்டும் சுட்டுகிறது. ஒரு பொருள் யார் யார் கைமாறி இங்கே வந்தது என்ற முழுத்தொடரும் நமக்கு வேண்டும். 'வந்தவழி' என்று ஒரே சொல்லாக எழுதலாம். வாங்கிய ரசீது, உத்தரவாதச் சீட்டு, எண் பொறித்த பெட்டி, கையேடு, அந்தக் கேமராவில் எடுத்த படங்கள், பழுதுபார்த்த குறிப்பு எல்லாம் வந்தவழிக்குச் சான்றுகள். பழைய காகிதம் என்று எதையும் கழித்துவிடாதீர்கள். அடித்தகட்டில் ஊசியால் பொறித்த பெயர் வழக்கமாக மதிப்பைக் குறைக்கும். பெயருக்குரியவர் ஊரறிந்தவர் என்றால் நிலைமை தலைகீழ்.

துணைப்பொருள்கள் பற்றி. இவற்றை 'உதிரி' என்று எழுதாதீர்கள். உதிரி என்றால் கெட்டுப்போனதற்கு மாற்று. ஒளித்தடுப்பு (வில்லையின் முன்னால் மாட்டும் குழாய்), வடிகட்டி, தனிக்காட்சிக்கண் (கேமராவின் மேலே செருகும் வியூஃபைண்டர்), ஒளிமானி, விடுகம்பி (ஷட்டரை அழுத்த உதவும் கேபிள்) எல்லாம் துணைப்பொருள்களே. பெட்டியின் அடியில் உருண்டு கிடக்கும் சிறு உலோகக் குழாயைத் தூக்கி எறிவதுதான் பலர் செய்வது. லைக்காவைச் செய்த லைட்ஸ் நிறுவனம் தன் துணைப்பொருள் ஒவ்வொன்றுக்கும் தந்தியில் ஆர்டர் கொடுக்க வசதியாக ஐந்தெழுத்துப் பெயர் வைத்திருந்தது: 50 மி.மீ. எல்மார் வில்லைக்கான ஒளித்தடுப்பு 'ஃபைசன்', 50 மி.மீ. காட்சிக்கண் 'எஸ்பிஓஓஐ'. இப்படிப்பட்டவற்றுக்குத் தனிச்சந்தையே உண்டு. ஹாசல்பிளாடு படச்சுருள் பெட்டகத்தில் உள்ளே செருகும் பகுதியிலும் வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் இருக்கும். வெளிக்கூட்டின் எண்ணோடு அவை பொருந்தினால் 'இணையெண்' என்று குறிக்கலாம். பொருந்தாதது வேலை செய்யும், ஆனால் மதிப்பு குறையும். தோலுறையைக் கேமராவிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள். ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சைக்கு இடங்கொடுப்பது அதுதான்.

தரம் சொல்வதற்கு இரண்டு சொற்கள் போதும்: 'பயன்தரம்', 'சேகரத்தரம்'. ஷட்டர் ஒவ்வொரு வேகத்திலும் ஓடி, வில்லையும் தெளிவாக இருந்தால் தோற்றம் எப்படியிருந்தாலும் பயன்தரம். பூச்சு, பெட்டி, வந்தவழி, இணையெண் எல்லாம் சேர்ந்தால் சேகரத்தரம். விலையை ஒப்பிடும்போது 'கேட்கும் விலை'யைப் பார்க்காமல் 'விற்ற விலை'யைப் பாருங்கள். வாயில் வந்த தொகையை எவரும் கேட்கலாம், கேட்டது நடந்ததாகாது.

கேமரா, ஷட்டர், டார்ச் என்றே நான் எழுதுவது சிலருக்குக் குறையாகப் படலாம். ஊருக்கெல்லாம் தெரிந்த சொல்லை மாற்றும் ஆசை எனக்கில்லை. சொல்லே இல்லாத இடத்தில்தான் நம் உழைப்பு வேண்டும்.

அம்மாவுக்கு அவசரமாக ஒன்று: பின்மூடியை இன்னும் திறக்கவில்லை என்றால் திறக்கவேண்டாம். உங்களுடையது 35 மி.மீ. வகையாக இருந்தால், சுருளைத் திரும்பச் சுற்றும் குமிழை அம்புக்குறியின் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். இழுத்துப் பிடித்தால் உள்ளே சுருள் இருக்கிறது. அதைக் கழுவித் தரும் இடத்துக்குக் கேமராவோடு கொண்டுபோங்கள். கோடக்ரோம் என்ற வண்ணச்சுருள் என்றால் அதன் வண்ணக்கழுவல் 2010ஓடு நின்றுவிட்டது. கறுப்புவெள்ளையாக மட்டுமே எடுக்கமுடியும். சுருள் இல்லை என்று உறுதியானபின், வில்லையின் முன்வளையத்தில் இருப்பது, மேல்தகட்டு எண், வேகங்களின் வரிசை மூன்றையும் அப்படியே பார்த்து இங்கே எழுதுங்கள். மாதிரியைக் கண்டுபிடித்துவிடலாம்.

'ஆண்டுக்குறி', 'வந்தவழி' இரண்டிலும் மாற்றுக்கருத்து இருந்தால் ஐயா எழுதவேண்டும். 'மூட்டம்' எனக்கு முடிந்த முடிவு.

அன்புடன்