தீப்பொயி சுற்ற என்ன திரி, என்ன எண்ணெய்?

கல்லடிப் பெடியன்:
பொயி என்றால் கயிற்று நுனியில் பாரம் கட்டி, கைக்கு ஒன்றாகச் சுற்றுகிற ஆட்டம். காலுறைக்குள் அரிசி போட்டுக் கட்டித்தான் பொயி சுற்றப் பழகினேன். இரண்டு கையும் எதிரெதிராகச் சுற்றுவதெல்லாம் இப்போது தானாகவே வருகிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு எங்கள் கழகம் கல்லடிக் கடற்கரையில் விழா வைக்கிறது. அதில் நெருப்போடு ஆட ஆசை. பழைய பனியனைச் சுற்றி மண்ணெண்ணெயில் தோய்த்தால் போதுமா? பெற்றோல் என்றால் பளிச்சென்று எரியும் என்கிறான் கூட்டாளி. உடுப்பு கழக ஜேர்சிதான்.

பொத்துவில் கரை:
தம்பி, பெற்றோலைக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம். நம் வெக்கையில் அதன் ஆவி எந்நேரமும் பற்றத் தயாராக நிற்கும். கையில் சிந்தினதுக்கும் தாவும், மூடாத கேனுக்கும் தாவும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகைக்கு மேல் சூடானால்தான் அப்படிப் பற்றும். புகை வரும், மணக்கும், பரவாயில்லை.

பனியன் துணி கருகிப் பிய்ந்து, பார்க்க வந்த பிள்ளைகள் பக்கம் பொறியாகப் பறக்கும். அறுகம்பையில் ஆடுகிறவர்கள் எளிதில் எரியாத கெவ்லார் நார் நாடாவைத்தான் திரியாகச் சுற்றுகிறார்கள். அங்கே சுற்றுலா சீசன் வைகாசியில்தான் சூடுபிடிக்கும், சித்திரைக்கு முன் அவர்களைப் பிடித்து வாங்குவது கஷ்டம், அதனால் இப்போதே இணையத்தில் எடுத்துவிடுங்கள். கயிறும் வேண்டாம், சங்கிலி போடுங்கள்.

அப்புறம், தோய்த்த திரியை அப்படியே கொளுத்தாதீர்கள். டின்னுக்கு மேல் பிடித்து வடியவிட்டு, ஆட்களில்லாத பக்கம் போய்க் கொளுத்தாமலே வேகமாகச் சுற்றுங்கள். மணலில் எண்ணெய் கோடு கோடாக விழும். கோடு விழுவது நின்ற பிறகுதான் தீப்பெட்டியைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சுற்றிலேயே எரிகிற துளி தோளில் விழும்.

ஜேர்சி பொலியெஸ்டர், உருகித் தோலில் ஒட்டிவிடும். பருத்தி உடுப்புப் போடுங்கள். காற்று முதுகில் படும்படி நில்லுங்கள்.

ஆரையம்பதிச் சிலம்பம்:
மனே, பந்தச் சிலம்பம் சுற்றும்போது பக்கத்தில் ஒருவர் நனைத்த சாக்கோடு நிற்பார். அவருக்கு வேறு வேலையே கிடையாது. போனில் படம் பிடிக்கிறவனிடம் சாக்கைக் கொடுக்காதே.

வாழைச்சேனை அக்கா:
நான் தாதி. வாயில் மண்ணெண்ணெய் வைத்து ஊதுகிற வித்தையை மட்டும் தொடவே வேண்டாம் தம்பி, துளி புரைக்கேறி நுரையீரலுக்குள் போனாலும் ஆஸ்பத்திரிதான். சுட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை பூசக் கூடாது.

கல்லடிப் பெடியன்:
எல்லாருக்கும் நன்றி. ஜேர்சி வேண்டாம் என்று கழகத்தில் சொல்லிவிட்டேன், சறம்தான். சாக்குக்கு என் அண்ணன் நிற்பார். நாடா எவ்வளவு அகலத்தில் எடுக்க வேண்டும் அண்ணா?

பொத்துவில் கரை:
2 அங்குலம் போதும். முதலில் சின்னத் திரியாகச் சுற்றிப் பழகுங்கள், விழாவுக்கு முன் ஒருநாள் அதே கரையில், அதே நேரத்தில் கொளுத்திப் பாருங்கள்.