தாத்தா வண்டிக்கு ஆயில் மாற்றம்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு

தேன்மொழி: பெரியப்பா, தாத்தாவின் ஸ்பிளெண்டருக்கு இன்று நானே ஆயில் மாற்றப் போகிறேன். 17ஆம் நம்பர் ரிங் ஸ்பானர், பேசின், புனல், பழைய துணி எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். அப்பா காருக்கு வாங்கிய ஆயில் மீதம் இருக்கிறது. அதையே ஊற்றிவிடவா?

பெரியப்பா: வேண்டாம்மா, ஊற்றிவிடாதே.

பெரியப்பா: காரில் கிளட்ச் தனியாக, எண்ணெய் படாமல் இருக்கும். உன் வண்டியில் கிளட்ச் பிளேட், கியர் எல்லாமே எஞ்சின் ஆயிலில்தான் முழுகிக் கிடக்கின்றன. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். கிளட்ச்சுக்கு அந்த உராய்வுதான் பிடிமானமே. அது போனால் மேட்டில் எஞ்சின் இரையும், வண்டி இழுக்காது.

பெரியப்பா: பாட்டிலின் பின்பக்கம் ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கிறதா பார். பைக் ஆயிலுக்கென்றே ஜப்பானில் வகுத்த தரம் அது. உன் வண்டிக்கு 10டபிள்யூ30, அது ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கிற எண். எஞ்சின் அடியில் ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட்டுக்கு ஒரு புது வாஷரும் வாங்கிக்கொள்.

சின்ன அத்தை: ஞாயிற்றுக்கிழமை காலையில் எதற்கு இந்த வேலை? மெக்கானிக்கிடம் விட்டால் அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுப்பார்.

தேன்மொழி: கொடுப்பார் அத்தை. ஆனால் தினமும் நான் ஓட்டுகிற வண்டி. என்ன ஆயில் ஊற்றினோம், எவ்வளவு ஊற்றினோம் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பெரியப்பா: அப்படிச் சொல்லு. கடைக்கு வண்டியிலேயே போய் வா, எஞ்சின் சூடாகும். சூட்டில் ஆயில் இளகி, அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். வந்ததும் உடனே கை வைக்காதே. சைலன்சர் கொதிக்கும். கொஞ்சம் ஆறட்டும்.

தேன்மொழி: (படம்) சென்டர் ஸ்டாண்டு போட்டாயிற்று. போல்ட் அசையவே இல்லை பெரியப்பா. இன்னும் பலமாகத் திருகவா?

பெரியப்பா: நில். எந்தப் பக்கம் திருகுகிறாய்?

தேன்மொழி: இடப்பக்கம்தான்.

பெரியப்பா: மேலேயிருந்து குனிந்து பார்த்துச் சொல்கிறாயா? போல்ட்டின் தலை தரையைப் பார்த்து இருக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் திசை தலைகீழாகத் தெரியும், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பாய். படுத்து அடியிலிருந்து பார், அப்போது இடப்பக்கம் திருகு.

தேன்மொழி: கழன்றுவிட்டது! (படம்) ஆனால் ஆயில் கன்னங்கரேல் என்று இருக்கிறதே. எஞ்சின் போய்விட்டதா?

பெரியப்பா: கருப்புதான் சரி. உள்ளே சேரும் கரியை ஆயில் ஏந்திக்கொள்வதால் வரும் நிறம். பால் கலந்த காப்பி போல இருந்தால்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பயப்பட வேண்டும். உலோகத் துணுக்கு தட்டுப்படுகிறதா?

தேன்மொழி: இல்லை, வழவழவென்றுதான் இருக்கிறது.

பெரியப்பா: வெறும் கையால் தொட்டாயா? உடனே சோப்பு போட்டுக் கழுவு. பழைய ஆயில் தோலில் ஊறக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு தொடர்.

பெரியப்பா: இனி நான் சொல்வதை நிதானமாகப் படி. போல்ட்டை முதலில் விரலாலேயே ஏற்று. விரலுக்குச் சுலபமாக ஏறினால் மரை சரியாகப் பிடித்திருக்கிறது. கோணலாக நின்றால் கழற்றி மறுபடி வை, ஸ்பானரால் வழிக்குக் கொண்டுவர நினைக்காதே. போல்ட் இரும்பு, எஞ்சின் அடிப்பாகம் அலுமினியம். மல்லுக்கட்டினால் அலுமினியத்தில்தான் மரை போகும். கடைசியில் வாஷர் அமுங்கியதும் ஸ்பானரில் சின்னதாக ஓர் இறுக்கு, போதும். டெப்போவில் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் நான் முதலில் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்.

தேன்மொழி: விரலால் முழுசாக ஏறிவிட்டது. 900 மில்லி பாட்டில் வாங்கியிருக்கிறேன். மொத்தமும் ஊற்றவா?

பெரியப்பா: மொத்தமும் வேண்டாம். எவ்வளவு வடித்தாலும் உள்ளே கொஞ்சம் பழையது தங்கியிருக்கும். முக்கால் பாட்டில் ஊற்றி, எஞ்சினை மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்து. இரண்டு மூன்று நிமிடம் கழித்து, ஆயில் மூடியோடு இருக்கிற அளவுக் குச்சியைத் துடைத்துவிட்டு உள்ளே வை. திருகாமல் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும். குச்சியில் உள்ள இரண்டு கோட்டுக்கும் நடுவில் வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர். மேல்கோட்டைத் தாண்டினால் ஆயில் நுரைத்து ஏர் ஃபில்டர் பக்கம் வந்துவிடும்.

சின்ன அத்தை: அந்தப் பழைய ஆயிலைக் கொட்டிவிடாதே. மாட்டுக் கொட்டகை மூங்கிலில் தடவினால் கரையான் வராது.

பெரியப்பா: வேண்டாம் தங்கச்சி. மாடு நக்கும், பிள்ளைகள் கை வைப்பார்கள். புற்றுநோய் தரும் சேர்மங்கள் அதில் இருக்கின்றன. மத்திய அரசின் 2016 கழிவு விதிகளில் அதை அபாயக் கழிவு என்றே வைத்திருக்கிறார்கள். சாக்கடையிலும் ஊற்றக் கூடாது. மூடி உள்ள ஒரு காலி பாட்டிலில் ஊற்றி மூடி, ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். அங்கே டிரம்மில் சேர்த்து வைப்பார்கள், அதற்கென்று வாங்க ஆள் வருவார்.

தேன்மொழி: (படம்) ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறது பெரியப்பா. அடியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. கிலோமீட்டரையும் தேதியையும் எழுதிவிட்டேன்.

பெரியப்பா: சபாஷ். ஒரு சுற்றுப் போய் வந்து மறுபடி அடியில் பார். ஸ்பிளெண்டரில் காகித ஃபில்டர் கிடையாது. உள்ளே ஒரு சல்லடையும், சுழற்றியே அழுக்கைப் பிரிக்கிற ஃபில்டரும் உண்டு. அவற்றைச் சுத்தம் செய்யப் பக்க மூடியைக் கழற்ற வேண்டும். நான் ஊருக்கு வரும்போது சேர்ந்து பார்ப்போம்.

சின்ன அத்தை: அப்படியே என் ஸ்கூட்டருக்கும் மாற்றிக் கொடேன் தேனு. அந்தப் பாட்டிலில்தான் மிச்சம் இருக்கிறதே.

தேன்மொழி: ஸ்கூட்டர் புத்தகத்தில் என்ன ஆயில் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன் அத்தை. இதையே ஊற்றக் கூடாது, இல்லையா பெரியப்பா?

பெரியப்பா: ஆமாம். ஸ்கூட்டர்களுக்குப் பெரும்பாலும் ஜாசோ எம்ஏ இல்லை, ஜாசோ எம்பி என்று இருக்கும். பின் சக்கரத்துப் பக்கம் கியர் ஆயில் வேறு தனியாக இருக்கிறது, அதன் அளவையும் பார்த்து வா.