கேப்சைசின் களிம்பு விட்டு விட்டுப் போட்டால் எரிச்சல் அடங்காதா?

கரிசல்காடு:
அம்மாவுக்கு அக்கி ஆறிப் புண் முழுதாகக் காய்ந்த பிறகும் விலாப் பக்கம் நரம்பு வலி விடவில்லை. டாக்டர் 0.075 சதவீத கேப்சைசின் (மிளகாய்க்குக் காரம் தரும் பொருள்) களிம்பை தினமும் நான்கு வேளை போடச் சொன்னார். அம்மாவுக்கு அந்தக் காந்தல் தாங்கவில்லை, அதனால் வலி அதிகமாகும் அன்றைக்கு மட்டும் போடுகிறார். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே எரிகிறது, வலியும் குறையவில்லை. காரம் பழகிவிடும் என்பார்களே, இது மட்டும் ஏன் பழகவில்லை?

மருந்தாளுநர்:
எப்போதாவது போடுவதால்தான். வலி நரம்பின் நுனியில் டிஆர்பிவி1 என்று ஒரு புரதம் இருக்கிறது, சுமார் 43 டிகிரிக்கு மேலான சூட்டுக்கும் மிளகாயின் கேப்சைசினுக்கும் அது திறக்கும், கால்சியம் உள்ளே பாயும், எரியும். அதே கால்சியம்தான் பிறகு அந்தப் புரதத்தை மந்தமாக்குகிறது. மருந்து தினமும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பட்டுக்கொண்டே இருந்தால் தோலின் மேலடுக்கில் உள்ள நரம்பு நுனிகளே பின்வாங்கிவிடும், வலி குறைவது அப்போதுதான், அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். நாள்கணக்கில் விட்டால் நரம்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடும், அம்மாவுக்கு மிஞ்சுவது எரிச்சல் மட்டும்தான்.

கரிசல்காடு:
அப்படியானால் சாப்பிடும்போது மட்டும் வாய்க்கு வாய் காரம் ஏறிக்கொண்டே போகிறதே?

நித்திலா:
அதுவும் இடைவெளி செய்கிற வேலைதான். பேரி கிரீன் என்ற ஆய்வாளர் 1989இல் நாக்கில் சோதித்தார். நிமிடத்துக்கு ஒருமுறை கேப்சைசின் வைத்தால் எரிச்சல் ஏறிக்கொண்டே போனது, கால் மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி வைத்தபோது அதே அளவு மருந்து முன்பைவிடக் குறைவாகவே எரித்தது. மந்தமான நாக்கிலும் விடாமல் வைத்துக்கொண்டே இருந்தால் எரிச்சல் திரும்ப ஏறும் என்று பின்னால் கண்டார்கள். ஆனால் இதெல்லாம் நிமிடக் கணக்கு, நாக்கில். தோலில் போடும் களிம்புக்கு மணிக் கணக்கு, வாரக் கணக்கு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மருந்தாளுநர்:
ஆமாம். எரிகிறதே என்று அம்மாவை அப்படியே விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து டாக்டரிடம் சொல்லுங்கள். 0.025 சதவீதக் களிம்பும் உண்டு. 8 சதவீத ஒட்டுப்பட்டையும் இருக்கிறது, மருத்துவமனையில் ஒரு மணி நேரம் ஒட்டி எடுப்பார்கள், பலன் 3 மாதம் வரை நிற்கலாம். எதுவானாலும் வெந்நீரில் குளித்த உடனே போட வேண்டாம், காந்தல் இரட்டிப்பாகும். கையுறை போட்டுத் தடவுங்கள், கண்ணில் பட்டுவிடக் கூடாது.