முகூர்த்த நாளில் நான் எங்கே இருக்க வேண்டும்?

வணக்கம். கூடுவாஞ்சேரி பக்கம் 7 ஆண்டுகளாக மனைத் தரகு செய்கிறேன். ஒற்றை ஆள், உதவிக்கு யாரும் இல்லை.

ஆடியில் ஈ ஓட்டுகிறேன். ஆவணி பிறந்தால் எல்லோருக்கும் ஒரே முகூர்த்த நாள் வேண்டும். போன வெள்ளிக்கிழமை இரண்டு கிரையம், அதாவது விற்பனைப் பத்திரப் பதிவு. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் கையெழுத்து என்று ஒருவர் பிடிவாதம். டோக்கன் வரிசையோ நம் அவசரத்துக்கு நகருமா? சார்பதிவாளர் அலுவலக வாசலில் நிற்கும்போதே, மனை பார்க்க வந்தவர் வெயிலில் எல்லைக்கல் அருகில் நின்றுகொண்டு மூன்று முறை அழைத்தார். நான் போவதற்குள் கிளம்பிவிட்டார். அவர் வாங்குகிற ஆள்; சும்மா பார்க்க வந்தவர் அல்ல. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

வில்லங்கச் சான்று (மனையின் மேல் முன்பு பதிவான விற்பனை, அடமானம் காட்டுவது), பட்டா பார்ப்பதை இரவுக்குத் தள்ளினேன். கண் சொருகிப் புல எண்ணின் உட்பிரிவைத் தவறாகப் பார்த்ததுதான் மிச்சம். நல்லவேளை, முன்பணம் கைமாறும் முன் தெரிந்துவிட்டது.

தொழிலில் மூத்தவர்களிடம் கேட்கிறேன்: பதிவு நாளில் வேறு வேலையே வைத்துக்கொள்ள மாட்டீர்களா? வாங்குபவர் யார், வேடிக்கை பார்ப்பவர் யார் என்பதைத் தொலைபேசியிலேயே எப்படிக் கணிக்கிறீர்கள்? ஆவணம் சரிபார்க்கப் பகுதிநேர ஆள் வைத்தவர்கள் யாராவது இருந்தால், எந்த வேலையை அவரிடம் விட்டீர்கள் என்றும் சொல்லுங்கள்.