பருத்தி விளைச்சல்: கோளாறு விதையிலா, விலையிலா?

செம்பூர் செல்வம்:
2025 ஆகஸ்டில் பஞ்சு இறக்குமதிக்கான 11% வரியை எடுத்தார்கள். முதலில் செப்டம்பர் கடைசி வரை, அப்புறம் டிசம்பர் 31 வரை. விவசாயி கெட்டதே இதனால்தான் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். மும்பை பஞ்சுச் சந்தையான காட்டன் கிரீனில் ஒரு வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறவன் நான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் நாட்டில் எக்டருக்குச் சுமார் 450 கிலோ பஞ்சு, சீனாவில் 2,000 கிலோவை ஒட்டி. இந்த விளைச்சலுக்கு எந்த விலையும் கட்டாது.

கரிசல்காட்டான்:
அண்ணாச்சி, சீனாவில் சொட்டுநீர். மகாராஷ்டிரத்து விதர்பாவும் எங்கள் கோவில்பட்டிப் பக்கமும் மானாவாரி. விதர்பாவில் அக்டோபரில் பஞ்சு வெடிக்கும் நேரத்தில் வரி இல்லாமல் இருந்தது. நீண்ட இழைப் பருத்திக்கு 2025-26-ல் அரசு ஆதார விலை குவிண்டாலுக்கு 8,110 ரூபாய்தான், ஆனால் ஈரம் 12%-ஐத் தாண்டினால் அரசுக் கொள்முதல் கிடையாது. நனைந்த பஞ்சை வீட்டில் குவித்து எத்தனை நாள் காப்பது? வியாபாரி சொன்னதுதான் விலை.

தாராவி டெய்லர்:
நூல் விலை இறங்கினால்தான் எங்கள் மிஷின் ஓடும். அதையும் பாருங்கள்.

செம்பூர் செல்வம்:
தண்ணீரை ஒப்புக்கொள்கிறேன் தம்பி. விதையைப் பார். 2002-ல் பிடி பருத்தி, அதாவது காய்ப்புழுவைக் கொல்லும் மரபணு சேர்த்த பருத்தி, கலப்பின விதையாகத்தான் வந்தது. அதில் விதை எடுத்து வைத்து மறுவருஷம் போட முடியாது, கடைக்குத்தான் போகணும். காசு கொடுத்த விதையாச்சே என்று தள்ளித் தள்ளி ஊன்றுகிறோம். செடி படர்ந்து ஆறு மாதம் நிற்கிறது, இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்குக் கடைசிக் காய் வரை விருந்து. 2006-ல் இரண்டு மரபணுவோடு வந்த விதையும் இப்போது அந்தப் புழுவைத் தடுப்பதில்லை. குட்டை ரகத்தை நெருக்கிப் போட்டு, ஐந்து மாதத்தில் எடுத்து, மாரை, அதாவது பஞ்செடுத்து முடிந்த செடியை, பிடுங்கிவிட்டால் புழு எங்கே பெருகும்? விதர்பாவிலேயே அகோலாப் பக்கம் நெருக்கிப் போட்டுப் பார்த்திருக்கிறார்களே.

கரிசல்காட்டான்:
நெருக்கினால் விதைச் செலவு ஏறும், செடி உயராமல் இருக்க மருந்தும் அடிக்கணும். மழை பொய்த்தால் அத்தனையும் மண். மாரைச் சீக்கிரம் பிடுங்குவது மட்டும் சரி. அதையும் ஊரே சேர்ந்து செய்யணும். பக்கத்துப் புஞ்சையில் செடி நின்றால் அந்துப்பூச்சி வரப்பைப் பார்த்தா நிற்கும்? எங்கள் அண்ணன் பாதிக் காட்டில் மக்காச்சோளம் போட்டுவிட்டான்.

செம்பூர் செல்வம்:
அதில் புழு இல்லையா?

கரிசல்காட்டான்:
படைப்புழு இருக்கிறது அண்ணாச்சி. காட்டுப்பன்றி வேறு.